மூன்றடி பேஸ்மட்டம்

ஹெப்சிபா இருபத்திரண்டு வருடமாக வீடுகளை வரைந்துகொண்டிருந்தாள். திருச்சியில் ஒரு கட்டடப் பொறியாளரின் அலுவலகத்தில் வேலை. முதலில் பலகையும் பென்சிலும், பிறகு கம்ப்யூட்டர். கூடம் இங்கே, சமையலறை அங்கே, ஜன்னல் மூன்றுக்கு நாலு என்று போட்டு பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிட்டால் அவள் பாடு முடிந்தது. அந்த வீடு எந்தத் தெருவில் எழும்பியது, யார் அதில் படுத்து எழுந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

கஜா புயல் அடித்து ஆறு மாதம் ஆனபோது, அவளுடைய சபையிலிருந்து பதினான்கு பேர் பன்னிரண்டு நாள் ஊழியத்துக்குக் கிளம்பினார்கள். மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவே ஆலங்கட்டளை என்று ஓர் ஊர். கூரை பறந்து, சுவர் கரைந்து, தார்ப்பாய்க்கு அடியில் குடியிருந்த ஆறு குடும்பங்களுக்கு ஆளுக்கொரு சிறிய வீடு கட்டித் தருவது என்று முடிவாகியிருந்தது. தலைமை தேவநேசன். பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பத்தைந்து வருடம் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்கான பிளான் போட்டுத் தரச் சொல்லி ஹெப்சிபாவிடம் வந்தார். போட்டுக் கொடுத்தாள். வாங்கிப் பார்த்துவிட்டு, நீயும் வந்துவிடேன் என்றார். மே மாத வெயில், லீவு கிடைக்காது, எனக்குச் சட்டி தூக்கிப் பழக்கமில்லை என்று அவள் மூன்று காரணம் சொன்னாள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் அவள் பெயரைப் பட்டியலில் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை வேனில் போய் இறங்கினார்கள். பள்ளிக்கூடத்தின் இரண்டு வகுப்பறைகளில் தங்கல். ஊருக்கு மேற்கே சர்ச் தெரு. இருபத்தைந்து கிறிஸ்தவக் குடும்பங்கள், எல்லோரும் வயல் வேலைக்குப் போகிறவர்கள். அவர்களுடைய சர்ச்சையும் புயல் தரைமட்டமாக்கியிருந்தது. போதகர் சற்குணம் ஒரு கீற்றுப் பந்தல் போட்டு அதற்கடியில் ஆராதனை நடத்திக்கொண்டிருந்தார். வீடு கிடைக்கப்போகிற ஆறு பேரில் இரண்டு குடும்பம் அந்தத் தெரு. மற்ற நான்கும் ஊருக்குள்ளே இருந்த இந்துக் குடும்பங்கள்.

அந்த நால்வரில் கடைசிப் பெயர் பஞ்சநதம். ஆறு மா நிலத்தை, இரண்டு ஏக்கர் வரும், குத்தகைக்கு எடுத்து உழுகிறவர். முதல் நாளே தேவநேசனைத் தனியாகக் கூப்பிட்டு, வீடு வாங்கிக்கொண்டால் நாங்கள் உங்கள் சாமியைக் கும்பிட வேண்டி வருமா என்று நேராகவே கேட்டுவிட்டார். வராது, வீட்டுக்குள் உங்கள் சாமிதான் இருக்கும் என்றார் தேவநேசன். பஞ்சநதம் தலையை ஆட்டினார். ஆனால் நம்பிய மாதிரித் தெரியவில்லை. மறுநாளிலிருந்து அவர் அந்தப் பக்கம் தலை காட்டவில்லை. அவர் மனைவி தர்மாம்பாள்தான் வந்து நின்றாள்.

முதல் இரண்டு நாள் அஸ்திவாரக் குழி தோண்டும் வேலை. டெல்டாவின் களிமண் வெயிலில் பாறையாகக் காய்ந்து வெடித்துக் கிடந்தது. கடப்பாறை பட்டால் கைதான் அதிர்ந்தது. ஹெப்சிபாவுக்கு முதல் நாள் மாலையே உள்ளங்கையில் கொப்புளம். உள்ளூர்க் கொத்தனார் நாகநாதன் அவளுக்குச் சட்டியை எப்படி இடுப்பில் வாங்க வேண்டும், முதுகை வளைக்காமல் எப்படிக் குனிய வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். புதன்கிழமை மத்தியானம் அவள் பிளானை விரித்து வைத்துக்கொண்டு நாகநாதனோடு பேசிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் வந்து நின்ற தர்மாம்பாள் தாளை எட்டிப் பார்த்தாள்.

"பேஸ்மட்டம் எவ்வளவும்மா?"

தரையிலிருந்து ஒன்றரை அடி என்றாள் ஹெப்சிபா.

"பத்தாதும்மா. நிஷா புயல் வந்த வருஷம் தண்ணி என் தொடைக்கு நின்னுச்சு."

ஹெப்சிபா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லா ஊரிலும் வெள்ளத்தைப் பற்றிப் பேசும்போது ஆட்கள் ஒரு சாண் கூட்டித்தான் சொல்வார்கள். சுற்று வட்டாரத்தில் கட்டுகிற எல்லா வீட்டுக்கும் ஒன்றரை அடிதான் அக்கா என்று சமாதானமாகச் சொன்னாள். தர்மாம்பாள் மேற்கொண்டு வாதாடவில்லை. வாய்க்கால் ஓரமிருந்த ஒரு மோட்டார் கொட்டகையைக் கையால் காட்டிவிட்டு, அந்தச் சுவத்துல இருக்கு, போய்ப் பாருங்க என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை காலை ஹெப்சிபா போய்ப் பார்த்தாள். பார்க்காமல் இருக்க முடியவில்லை. கொட்டகையின் வெள்ளைச் சுவரில் குறுக்காக ஒரு பழுப்புக் கோடு, அளவுகோல் வைத்து இழுத்த மாதிரி நேராகப் போயிற்று. தண்ணீர் பல நாள் நின்று வடிந்த தடம். ஆனால் கொட்டகை இருக்கும் இடம் பள்ளமா மேடா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. நாகநாதனிடம் டியூப் லெவல் இருந்தது. தண்ணீர் நிரப்பிய நீளமான பிளாஸ்டிக் குழாய். ஒரு முனையை அவர் அந்தக் கோட்டில் பிடித்துக்கொள்ள, மறுமுனையோடு அவள் நடந்தாள். குழாய் எட்டிய இடத்தில் குச்சி நட்டு, மட்டத்தைக் குறித்து, அங்கிருந்து அடுத்த குச்சி. இப்படி நாலு குச்சி தாண்டித் தர்மாம்பாளின் மனைக்கு வந்து சேர்ந்தார்கள். குழாய்க்குள் தண்ணீர் ஏறி இறங்கி அசைந்து, ஓர் இடத்தில் நின்றது. ஹெப்சிபா குனிந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை. தர்மாம்பாள் சொன்ன அதே தொடை மட்டம். டேப்பை வைத்தாள். தரையிலிருந்து இரண்டே முக்கால் அடி.

மற்ற ஐந்து மனைகளிலும் வைத்துப் பார்த்தார்கள். எங்கும் இரண்டு அடிக்குக் குறையவில்லை.

நாகநாதன் குழாயைச் சுருட்டிக்கொண்டே, "எஸ்டிமேட்ல ஒன்றரைன்னுதானே மேடம் இருக்கு. நம்மள யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்றார். அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. உண்மையாகவே யாரும் கேட்கப்போவதில்லை.

அவள் ஒரு புங்க மரத்தடியில் போய் உட்கார்ந்தாள். பிளானை மறுபடி விரித்தாள். அதில் வீட்டுக்கு அடியில் தரைமட்டம் என்று எழுதி ஒரு நேர்கோடு இருந்தது. அவள் போட்டதுதான். திருச்சியில் ஏசி அறையில் உட்கார்ந்து, இந்த மண்ணை ஒருதரம்கூடப் பார்க்காமல், ஒரே இழுப்பில் இழுத்த கோடு. இருபத்திரண்டு வருடத்தில் இப்படி எத்தனை கோடு இழுத்திருப்பாள். தாளின் ஓரத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தாள். மூன்று அடியாக உயர்த்தினால் வீட்டுக்கு ஆயிரத்து இருநூறு செங்கல் கூடும். வந்து இறங்கியிருக்கிற செங்கல்லை வைத்து ஐந்து வீடுதான் கட்டலாம். உயர்த்தாவிட்டால் ஆறு வீடு கட்டலாம், ஆறுக்குள்ளும் ஒருநாள் தண்ணீர் வரும். கணக்கு அவ்வளவுதான், அதை எப்படிப் புரட்டிப் போட்டாலும் வேறு விடை வரவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தேவநேசனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். தப்பு என் பிளானில்தான் அண்ணா என்பதையும் சேர்த்தே சொன்னாள். அவர் பிளானை வாங்கி அளவுகளை ஒருதரம் சரிபார்த்தார். பிறகு, ஒரு வீடு தண்ணீருக்குள் நிற்கும் என்று தெரிந்தே நம்மால் கட்டிக் கொடுக்க முடியாது, ஐந்தாகவே இருக்கட்டும் என்றார். விடுவது யாரை என்பதில் பெரிய யோசனைக்கு இடமில்லை. ஐந்து மனையில் குழி தோண்டியாகிவிட்டது. தோண்டாமல் மிச்சமிருந்தது வாய்க்காலை ஒட்டிய ஒரே மனை, தர்மாம்பாளுடையது.

அதை நானே போய்ச் சொல்கிறேன் என்று ஹெப்சிபா எழுந்தாள். தர்மாம்பாள் தார்ப்பாய்க் கூடாரத்துக்கு வெளியே மாட்டுக்கு வைக்கோல் உதறிப் போட்டுக்கொண்டிருந்தாள். வேறெங்காவது உதவி கேட்டுப் பார்க்கிறோம், அடுத்த வருடம் திரும்ப வருகிறோம் என்று ஹெப்சிபா சுற்றி வளைத்துச் சொல்லி முடிக்கும்வரை அவள் கையை நிறுத்தவில்லை.

"அப்ப நான் வாயத் தொறக்காம இருந்திருந்தா எனக்கு வீடு கெடைச்சிருக்கும்" என்றாள்.

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வைக்கோலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். ஹெப்சிபா வயல் வரப்பு வழியாகத் திரும்பி நடந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ஜெபம் வழக்கம்போல் சர்ச் தெருப் பந்தலில். தேவநேசன் வேதபாடம் வாசித்தது அவள் காதில் ஏறவில்லை. பந்தலுக்குப் பின்னால் ஒரு தார்ப்பாய் மூடிய அடுக்கு இருந்தது. மூன்று நாளாக அதன் பக்கத்தில்தான் உட்கார்ந்து பாடுகிறார்கள். அன்றைக்குத்தான் அவள் அதைப் பார்த்தாள். காற்றில் ஒரு ஓரம் விலகியிருந்தது. உள்ளே செங்கல். விழுந்துபோன சர்ச்சின் செங்கற்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஒட்டியிருந்த சுண்ணாம்புக் காரையைக் கொத்திச் சுத்தம் செய்து, வரிசை பிசகாமல் அடுக்கியிருந்தார்கள். நீளத்தில் எத்தனை, அகலத்தில் எத்தனை, உயரத்தில் எத்தனை என்று அவள் கண் தன்பாட்டுக்கு எண்ணியது. ஏழாயிரத்துக்கு மேலே இருக்கும். தேவையும் கிட்டத்தட்ட அதுதான்.

ஜெபம் முடிந்ததும் போதகரிடம் போனாள். அந்தக் கல்லை வீடுகளுக்குத் தர முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். அதுவோ அவர்களுடைய சர்ச்சு. அவளோ வந்து மூன்று நாள் ஆனவள். போதகர் சற்குணம் மெல்லப் பேசுகிற மனிதர். அது என் கல் இல்லை சிஸ்டர், அதைத் தூக்கி அடுக்கினவர்களிடம்தான் கேட்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நீங்களே எழுந்து கேளுங்கள் என்றார்.

ஹெப்சிபா சபையில் எழுந்து பேசியவள் இல்லை. பாடகர் குழுவிலும் கடைசி வரிசைதான். அந்த ஞாயிற்றுக்கிழமை பந்தலில் நூறு பேருக்கு முன்னால் நின்றபோது என்ன சொல்வது என்றே தெரியாமல், கையோடு கொண்டுவந்திருந்த டியூப் லெவலைத் தூக்கிக் காட்டினாள். மோட்டார் கொட்டகைக் கோட்டைப் பற்றிச் சொன்னாள். தான் பார்க்காமல் போட்ட பிளானைப் பற்றிச் சொன்னாள். அளவுகளைச் சொன்னாள். உங்கள் கல்லைக் கொடுத்தால் ஆறு வீட்டுக்கும் மூன்றடி உயர்த்தலாம். சர்ச் கட்ட நீங்கள் மறுபடி கல் சேர்க்க வேண்டிவரும், அது எப்போது நடக்கும் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது என்றாள். உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு நடு வரிசையிலிருந்து ஞானப்பூ எழுந்தாள். ஐம்பத்தேழு வயது, நடவுக்கு ஆள் திரட்டுவது அவள்தான். அவள் சொன்னால் அந்தத் தெருவே கேட்கும்.

"பன்னெண்டு வயசுல இந்தக் கல்லச் சூளையிலேருந்து தலையில சொமந்து வந்தேன். புயலுக்கப்புறம் இதே கையால காரை கொத்தி அடுக்குனேன். இது எங்க சர்ச்சு" என்றாள். சற்று நிறுத்திவிட்டு, "தர்மாம்பா வயல்ல நாப்பது வருஷமா நாத்து நடுறேன். இன்னிக்கு வரைக்கும் அவ வீட்டுக் கொல்லைப் பக்கம்தான் எனக்கு வழி. அவளுக்கு நான் எதுக்குக் கல் குடுக்கணும்?" என்று கேட்டாள்.

யாரும் அவளை அடக்கவில்லை. அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். போதகர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். ஹெப்சிபா எழுந்து, நீங்கள் கேட்பது நியாயம்தான் அக்கா என்று மட்டும் சொன்னாள்.

ஞானப்பூ உட்காரவில்லை. அடுக்கியிருந்த கல் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள். நிஷா வெள்ளத்தில் அவளும் ஐந்து நாள் பள்ளிக்கூட மாடியில் கிடந்தவள். பக்கத்துப் பாயில் படுத்திருந்தது தர்மாம்பாள்தான் என்று நாகநாதன் பிற்பாடு ஹெப்சிபாவிடம் சொன்னார். அதை நினைத்தாளோ, வேறு எதை நினைத்தாளோ, கடைசியில் வாயைத் திறந்தாள்.

"குடுக்கலாம். ஆனா ஆள் விட்டு எடுக்கக் கூடாது. யாருக்கு வீடோ அவுங்களே இந்தத் தெருவுக்குள்ள வந்து, தலையில வச்சுத் தூக்கிட்டுப் போவணும்."

சபை ஒத்துக்கொண்டது.

அன்று மாலையே ஹெப்சிபா ஆறு குடும்பத்துக்கும் போய்ச் சொன்னாள். பஞ்சநதம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஊர் என்ன பேசும் என்றார். தர்மாம்பாள் கேட்டுவிட்டு மாட்டைக் கட்டப் போய்விட்டாள். வருவாளா மாட்டாளா என்று ஹெப்சிபாவுக்குப் பிடிபடவில்லை.

திங்கட்கிழமை விடிந்து வெயில் ஏறுவதற்குள் சர்ச் தெருவைச் சேர்ந்த இரண்டு குடும்பமும், ஊருக்குள்ளிருந்து மூன்று குடும்பமும் வந்து தூக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஏழரை மணி இருக்கும், தர்மாம்பாள் தெரு முனையில் வந்து நின்றாள். புடவையை இழுத்துச் செருகியிருந்தாள். நின்ற இடத்தில் ஒரு நிமிஷம் தயங்கியவள், பிறகு யாரையும் பார்க்காமல் நேராக அடுக்குக்குப் போனாள். எட்டுக் கல்லை எண்ணித் தலையில் ஏற்றிக்கொண்டாள். நாலடி நடப்பதற்குள் பாரம் சரிந்தது. வயல் வேலை தெரிந்தவள்தான், ஆனால் கல் சுமந்து பழக்கமில்லை. மெல்லிய துண்டை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

ஞானப்பூ பந்தல் காலில் சாய்ந்து உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து போனாள். கல்லை ஒவ்வொன்றாக இறக்கி வைத்தாள். தன் தோளிலிருந்த கனத்த துண்டை முறுக்கி, வட்டமாகச் சுற்றி, சும்மாடு கூட்டித் தர்மாம்பாளின் தலையில் அழுத்தி வைத்தாள். பிறகு கல்லை மறுபடி அவளே ஏற்றிவிட்டாள்.

"கழுத்த விறைக்காத. கால் போற பக்கம் கல்லும் வரும்" என்றாள்.

தர்மாம்பாள் சரி என்றாள். நடந்தாள். இந்த முறை சரியவில்லை.

பத்து மணி வாக்கில் பஞ்சநதம் டயர் வண்டியைப் பூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். வண்டியைத் தெரு முனையில் நிறுத்திவிட்டு அவரும் கல்லைத் தூக்கிப் போய் வண்டியில் அடுக்கினார். ஆறு மனைக்கும் அந்த வண்டிதான் அன்றைக்கு நடை அடித்தது. சாயங்காலம் பாரம் முடிந்து எல்லோரும் பந்தல் நிழலில் உட்கார்ந்தபோது, ஞானப்பூவின் மகள் ஒரு குடம் தண்ணீரும் ஒரே ஒரு சொம்பும் கொண்டுவந்து வைத்தாள். சொம்பு கை மாறிப் போயிற்று. தர்மாம்பாளிடம் வந்தது, குடித்தாள், பக்கத்திலிருந்தவரிடம் நீட்டினாள். இந்தத் தெருவுக்குள்ள அந்தம்மா கால் வச்சதே இன்னிக்குத்தான் மேடம் என்று நாகநாதன் தாழ்ந்த குரலில் சொன்னபோதுதான், தான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பது ஹெப்சிபாவுக்கு விளங்கியது.

பன்னிரண்டு நாள் முடிந்தபோது ஆறு வீடும் ஜன்னல் மட்டத்துக்குத்தான் வந்திருந்தன. பேஸ்மட்டம் உயர்ந்ததால் வேலை இழுத்துக்கொண்டது. வந்தவர்கள் ஊர் திரும்ப வேண்டியிருந்தது. ஹெப்சிபா அலுவலகத்துக்குப் போன் செய்து இன்னும் ஒரு வாரம் லீவு கேட்டாள். முதலாளி முணுமுணுத்தார், பிறகு கொடுத்தார். அந்த வாரம் அவள் நாகநாதனுக்குச் சித்தாளாக வேலை செய்தாள். கரணை பிடித்து ஒரு வரிசை கட்டவும் பழகினாள். அவர் அதைப் பிரித்துவிட்டு மறுபடி கட்டினார் என்பது வேறு விஷயம். மிச்ச வேலையை நாகநாதன் முடிக்க, ஆடி போய் ஆவணி பிறந்ததும் தர்மாம்பாள் பால் காய்ச்சினாள். முருகன் படத்துக்கு மாலை போட்டு, வாசலில் கோலமிட்டிருந்தாள். ஐந்து படி ஏறித்தான் வீட்டுக்குள் போக வேண்டியிருந்தது. தேவநேசன் முற்றத்தில் நின்று ஒரு சின்ன ஜெபம் செய்யட்டுமா என்று பஞ்சநதத்தைக் கேட்டார். செய்யுங்க என்றார் பஞ்சநதம், தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு.

அதன்பின் கொரோனா வந்தது. போக்குவரத்து நின்றது. சர்ச்சுக்குக் கல் சேரவில்லை. பந்தலும் ஒருமுறை சாய்ந்து, மறுபடி நிமிர்த்தினார்கள். ஹெப்சிபாவுக்கு அந்த நாட்களில் அது ஒரு முள்ளாகவே இருந்தது. அலுவலகத்தில் எந்தப் பிளான் வந்தாலும், மனையைப் பார்க்காமல் தரைமட்டக் கோடு போட மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தாள். முதலில் சிரித்தார்கள், பிறகு அவளை அனுப்ப ஒரு ஸ்கூட்டர் வாங்கிப் போட்டார்கள்.

2020 டிசம்பரில் புரெவி புயல் மழை. நாலு நாள் விடாமல் கொட்டி டெல்டா முழுக்க வெள்ளக்காடு. ஐந்தாம் நாள் காலை தர்மாம்பாள் போனில் வந்தாள். சம்பா முழுக்க முழுகிப் போச்சும்மா என்றுதான் ஆரம்பித்தாள். குரல் உடைந்திருந்தது. அந்த வருடத்து உழைப்பு அத்தனையும் அதில் இருந்தது. வீடு என்ன ஆயிற்று என்று கேட்க ஹெப்சிபாவுக்குப் பயமாக இருந்தது. அவள் கேட்கவில்லை, தர்மாம்பாளே சொன்னாள்.

"தண்ணி மூணாவது படியோட நின்னுடுச்சு. உள்ள ஒரு பொட்டு ஈரம் இல்ல. ஞானப்பூ குடும்பம், அந்தத் தெருவுல இன்னும் மூணு வீட்டுக்காரங்க, எல்லாம் இங்கதான் இருக்காங்க. பதினேழு பேரு. ஒரே உலைதான்."

பின்னணியில் யாரோ பெண் குரல் எதையோ அதட்டியது கேட்டது. ஞானப்பூவாகத்தான் இருக்க வேண்டும்.

தை மாதம் தண்ணீர் வடிந்து, மிஞ்சிய நெல்லை அறுத்து முடித்த பிறகு ஆலங்கட்டளையில் ஒரு கூட்டம் கூடியது. மழையில் தப்பிய வைக்கோலை விற்றதில் ஒரு பங்கும், திருச்சிச் சபை அனுப்பியதும் சேர்ந்து சர்ச்சுக்கு முதல் லோடு செங்கல் வந்து இறங்கியது. லோடை இறக்க ஊருக்குள்ளிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பஞ்சநதம் யாரும் கூப்பிடாமலே வண்டியோடு வந்தார். ஹெப்சிபா பென்சிலில் வரைந்த புது பிளானோடு வேனில் போய் இறங்கினாள். இந்த முறை தாளில் தரைமட்டக் கோட்டை இழுக்காமல் வெறுமையாக விட்டிருந்தாள். மனையில் நின்று, நாகநாதனோடு குழாயைப் பிடித்து, கோட்டை அங்கேயே வைத்துப் பென்சிலால் போட்டாள்.

வாசற்படி எந்தப் பக்கம் வைப்பது என்பதில்தான் தகராறு. தெருவைப் பார்த்து என்றார் போதகர். ஞானப்பூ ஒத்துக்கொள்ளவில்லை. ஊர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்களும் சுற்றிக்கொண்டு வராமல் நேராக ஏற வேண்டும், அந்தப் பக்கமும் ஒரு படி வேண்டும் என்றாள். அப்படிச் செய்தால் ஒரு ஜன்னலை எடுக்க வேண்டி வரும் என்று ஹெப்சிபா சொன்னாள். எடுத்துடு என்றாள் ஞானப்பூ. ஹெப்சிபா அழிரப்பரை எடுத்தாள்.